ராஸ் அல் கைமாவில் இத்தாலியக் கல்யாணம், சாட்சி என் தம்பி

கல்யாணம் என்றால் எனக்குக் காகிதம். இருபத்தாறு வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன். மாலையும் கழுத்துமாக வந்து நிற்கும் பெண்ணையும் பையனையும் பார்த்து நான் முதலில் கேட்பது, "சாட்சி எங்கே?" என்பதுதான். பாதிப் பேர் முழிப்பார்கள். பிறகு யாராவது எதிர் டீக்கடைக்கு ஓடிப்போய் சும்மா நிற்கிற ஒருவரைப் பிடித்து வருவார்கள். அவர் ஆதார் அட்டையை நீட்டி, காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டு, ஆறிப்போவதற்குள் டீயைக் குடிக்கத் திரும்பிவிடுவார். சாட்சி என்றால் எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அதனால், "எலெனா கல்யாணத்துக்கு நான்தான்க்கா சாட்சி. நீ வந்தே ஆவணும்" என்று தம்பி வேலு ராஸ் அல் கைமாவிலிருந்து போன் செய்தபோது, "அதுக்கு நான் எதுக்குடா? அங்க டீக்கடையில ஆள் இல்லியா?" என்றுதான் கேட்டேன்.

வேலு அங்கே டைல்ஸ் கம்பெனியில் சூளை ஆபரேட்டர். எங்கள் விருத்தாசலத்தில் பீங்கான் வேலை கற்றுக்கொண்டு பத்தொன்பது வருஷத்துக்கு முன் போனவன். சூளை நிறுவுவதற்காக இத்தாலியிலிருந்து வந்து அப்படியே தங்கிவிட்ட என்ஜினியர் ரெனாத்தோ அவனுக்கு மேலதிகாரி. எலெனா ரெனாத்தோவின் ஒரே மகள். பத்து வயதில் தாயை இழந்து அப்பாவிடம் வந்து சேர்ந்தவள். பள்ளிக்கூட பஸ் அவளை மதியம் கம்பெனி வாசலில் இறக்கிவிடும். அப்பா வேலை முடிந்து வரும்வரை சூளைக்குப் பக்கத்துக் கண்ணாடி அறையில் வேலுவுக்கு எதிரே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஒவ்வொரு லீவிலும் வேலு சொல்லிச் சொல்லி இந்தக் கதை எங்கள் தெருவுக்கே மனப்பாடம்.

என் கோபம் வேறு. போன வருஷம் என் மகள் தேன்மொழிக்குக் கல்யாணம். வேலு அவளுக்கு ஒரே தாய்மாமன். மேடைக்குக் கைப்பிடித்து அழைத்து வர வேண்டியவன், மாலை எடுத்துக் கொடுக்க வேண்டியவன், லீவ் இல்லை என்று சொல்லிவிட்டான். அவன் இடத்தில் என் பெரியப்பா மகன் நின்றான். வேலு போன் திரையில் நின்றான். அந்தப் போனையும் யாரோ பந்தி அவசரத்தில் சாம்பார் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். சொந்த அக்கா மகளுக்குக் கிடைக்காத லீவ் இத்தாலிக்காரிக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டேன். "அதுக்குத்தான்க்கா ஒன்ன வரச் சொல்றன்" என்றான். டிக்கெட்டும் அனுப்பிவிட்டான். சமாதானத்துக்குக் கூப்பிடுகிறான் என்று புரிந்தது. நான் போனது நேரில் சண்டை போடுவதற்காக.

வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்கு விமான நிலைய வாசலில் நிற்பதாகச் சொன்னவன் ஒன்றே முக்காலுக்கு வந்தான். நான் பெட்டியின் மேல் உட்கார்ந்து, கார்த்திகை மாசத்திலும் விடாத அந்த ஊர் வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தேன். கம்பெனியின் பிக்கப் வண்டியை ரெனாத்தோவே ஓட்டி வந்திருந்தார். அறுபது வயது இருக்கும். ஆறடி உயரம், சுட்ட செங்கல் நிறத்தில் கழுத்து. "சிஸ்டர், ஸாரி, பாஞ்ச் மினிட் லேட்" என்றார். ஒரு மணி நாற்பத்தைந்து நிமிஷம் அவருக்கு ஐந்து நிமிஷம். வழியில் காபி குடிக்க நிறுத்தினார்களாம். காபிக் கடையில் ஒரு நண்பரைப் பார்த்தார்களாம். அவருடைய தம்பிக்கு ஆப்பரேஷனாம். இதை வேலு விளக்கியபோது அதில் ஏதோ நியாயம் இருப்பது போலத்தான் சொன்னான். பத்தொன்பது வருஷத்தில் அவனும் கெட்டுப் போயிருந்தான்.

வண்டியில் இருவரும் பேசிக்கொண்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. விருத்தாசலத்துக்காரனும் இத்தாலிக்காரரும் பேசிக்கொள்கிற மொழி ஹிந்தி. ஹிந்திக்காரர் யாராவது கேட்டால் அழுதுவிடுவார். இடையிடையே கலாஸ், மாஃபி என்று அரபி. "கலாஸ்னா முடிஞ்சிது, மாஃபின்னா இல்ல. இந்த ரெண்டும் தெரிஞ்சா இந்த ஊர்ல பொழைச்சிக்கலாம்க்கா" என்றான் வேலு. ஒரு பக்கம் மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். கல் ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. எங்கள் ஊர் ஜல்லி லாரிபோல் இவை ஹாரன் அடிக்கவில்லை. நேரத்துக்கும் போயிருக்கும்.

வேலு தங்கியிருக்கும் தொழிலாளர் கேம்பில் பெண்கள் தங்க முடியாது என்பதால் காயல்பட்டினத்துக் காதர் பாய் வீட்டில் எனக்கு இடம் ஏற்பாடு செய்திருந்தான். கேம்புக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருக்கிறவர். மனைவி மும்தாஜ் ஒரு அறையை ஒழித்துக் கொடுத்து, "உங்க வீடு மாதிரி இருங்கக்கா" என்றாள். மீன்குழம்பும் சோறும் போட்டாள். அந்தப் பயணத்தில் குறித்த நேரத்தில் எனக்குக் கிடைத்த சாப்பாடு அந்த வீட்டுச் சாப்பாடு மட்டும்தான்.

சாயங்காலம் தேன்மொழி போன் செய்தாள். "அம்மா, அந்தப் பேப்பர் என்னாச்சு? இவங்க ஆபீஸ்ல மறுபடி கேக்கறாங்க" என்றாள். "ஊருக்கு வந்து பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டேன். பக்கத்திலிருந்த வேலு என்ன பேப்பர் என்று கேட்டான். உனக்கு அதெல்லாம் எதுக்கு என்று கேட்டேன். அவன் பிறகு கேட்கவில்லை. எதையும் இரண்டாவது தடவை கேட்க மாட்டான். அதுவே அவனுடைய வியாதி.

வெள்ளிக்கிழமை ரெனாத்தோ வீட்டில் மதியச் சாப்பாடு. ஒரு மணிக்கு என்றார்கள். பன்னிரண்டு ஐம்பதுக்குப் போய் நின்றோம். வாசல் திறந்திருந்தது, ஆள் இல்லை. சோபாவில் உட்கார்ந்தோம். ஒன்றரைக்கு ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே ஒரு பெண் படியிறங்கி வந்து, "வேலு மாமா" என்று அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று குத்தியது. என் மகள் கூப்பிட வேண்டிய வார்த்தை. இதைச் சொல்லிக் கொடுத்ததும் இவன்தானே என்று திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எலெனா என் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்து, ஆங்கிலத்தில் நலம் விசாரித்தாள். நல்ல பெண்தான். அதை ஒப்புக்கொள்ள எனக்கு அன்றைக்கு மனசு வரவில்லை.

மூன்று மணி வரைக்கும் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். வருகிற ஒவ்வொருவரும் ஏற்கெனவே வந்த அத்தனை பேருக்கும் முத்தம் கொடுத்து முடிக்க வேண்டும். அது ஒரு பெரிய வேலை. எனக்குப் பசியில் கண் இருட்டியது. மூன்று இருபதுக்குப் பந்தி. ரெனாத்தோவின் அக்கா கார்லா கரண்டியோடு வந்தார். வெள்ளிக்கிழமை நான் கவிச்சி சாப்பிட மாட்டேன் என்று வேலு ஹிந்தியில் சொல்ல, ரெனாத்தோ அதை இத்தாலிய மொழியில் சொல்ல, கார்லாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நாங்களும் அப்படித்தான். எங்கள் அம்மா வெள்ளிக்கிழமை மாமிசத்தைத் தொட மாட்டாள்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சந்தோஷமாக உள்ளே போய், ஒரு தட்டு நிறைய இறாலும் கணவாயும் கொண்டு வந்து வைத்தார். அவர்கள் ஊரில் கடலில் இருப்பது கவிச்சியில் சேராதாம். நான் அதை நகர்த்த, அவர் திரும்ப நகர்த்த, ஐந்து நிமிஷம் தட்டு மேசையில் நடந்தது. கடைசியில் ரொட்டியும் தக்காளியும் கொடுத்தார்கள். பிறகு ஒரு கிண்ணம் பாஸ்தா. கடித்தால் நடுவில் வேகவில்லை. அப்படித்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் வீட்டில் அரைவேக்காடாகச் சோறு வடித்தால் சண்டை வரும்.

சாப்பாட்டுக்கு நடுவில் கார்லா என்னிடம் திரும்பினார். எலெனா மொழிபெயர்த்தாள். சாட்சியாக நிற்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியுமா என்று கேட்டார். எலெனா ஒரு வருஷத்துக்கு முன்பே வேலுவைக் கேட்டுவிட்டாளாம். சொந்தத்தில் நான்கு பேர் அதற்காக மனஸ்தாபப்பட்டிருக்கிறார்களாம். கார்லாவின் மகனும் அதில் ஒருவன். சொந்தமும் இல்லாத, மதமும் வேறான ஒருவர் நிற்பது அவருக்குச் சம்மதமில்லை என்பது மொழிபெயர்க்காமலே தெரிந்தது.

ஒரு வருஷத்துக்கு முன்பு என்றதும் எனக்குப் பொறுக்கவில்லை. தேன்மொழி கல்யாணம் நடந்ததும் அப்போதுதான். பத்தாவது வரை படித்த ஆங்கிலத்தைத் திரட்டிக்கொண்டு, எங்களிடமும் ஒரு சாட்சி உண்டு என்று சொன்னேன். பெண்ணின் தாயோடு பிறந்தவன். அவன் கை பிடித்து அழைத்து வந்தால்தான் பெண் மேடை ஏறுவாள். அவன் பிறந்த வீட்டுக்காரன், பெண்ணுக்குப் பின்னால் ஆள் இருக்கிறது என்று ஊருக்குக் காட்டுகிறவன். போன வருஷம் என் பெண்ணுக்கு அந்த இடம் காலியாக இருந்தது. அவன் இங்கே சூளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். இவ்வளவையும் சொல்லி முடிப்பதற்குள் மேசையில் எல்லோரும் என் பக்கம் திரும்பிவிட்டார்கள். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும்.

ரெனாத்தோ முட்கரண்டியை வைத்துவிட்டு வேலுவிடம் ஹிந்தியில் கேட்டார். "புதுச் சூளைக்கு முதல் நெருப்பு வைத்தோமே, அந்த வாரமா?"

வேலு தலையாட்டினான்.

"நீ லீவ் பேப்பரில் அக்கா மகள் கல்யாணம் என்று எழுதினாய். நான் நெருப்பு வைத்த பிறகு போ என்றேன். அச்சா என்றாய். நான் விருந்தாளியாகப் போகிறாய் என்று நினைத்தேன். ஏன் இதைச் சொல்லவில்லை?"

"நம்ம ரெண்டு பேருக்குத்தான சார் அந்தக் கில்ன் தெரியும்" என்று வேலு சூளையின் ஆங்கிலப் பேரைச் சொல்லி முனகினான். தமிழிலேயே சொன்னான். ரெனாத்தோவுக்குப் புரிந்ததோ என்னவோ, அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் சொன்ன திருப்தி கிடைக்கவில்லை. ஒரு வருஷமாக மனசுக்குள் வளர்த்த சண்டை ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது, அதுவும் பாதிச் சண்டை.

சனிக்கிழமை பதினொரு மணிக்குச் சர்ச்சில் கல்யாணம். எட்டரை மணிக்கே வேலு என்னைக் கூட்டிப்போக வந்துவிட்டான். சாம்பல் நிறக் கோட்டு சூட்டு. வாழ்க்கையில் முதல் தடவை. மும்தாஜ் அவனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "மாப்ளயே நீங்கதான்னு நெனைச்சிரப் போறாங்க" என்றாள். அவனுக்கு வெட்கம். காலர் முதுகுப்பக்கம் மடங்கியிருந்ததை நான் சரி செய்தேன். அப்போதுதான் போன் வந்தது.

இரண்டு நிமிஷம் கேட்டுக்கொண்டு நின்றான். பிறகு என்னிடம் சொன்னான். கரண்ட் ஒரு கணம் விட்டு வந்ததில் சூளைக்குள் ஓடுகிற உருளைகள் நின்றுவிட்டன. பின்னால் வந்த டைல்ஸ் எல்லாம் உள்ளே ஒன்றின் மேல் ஒன்று ஏறி அடைத்துக்கொண்டிருக்கின்றன. நெருப்பு எரிந்துகொண்டிருக்கிறது. உடனே வெளியே எடுக்காவிட்டால் உருளைகள் வளைந்துவிடும். பிறகு மொத்தச் சூளையையும் அணைத்து ஆற வைத்துத்தான் உள்ளே கை வைக்க முடியும். மாசக்கணக்கில் வேலை நிற்கும், கேம்பில் பாதிப் பேரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள்.

"ட்யூட்டில இருக்கறவங்க பாக்க மாட்டாங்களா?"

"புதுப் பசங்கக்கா. கைய சுட்டுக்குவானுங்க. நீ காதர் பாய் வண்டியில போயிடு. பதினொண்ணுக்குள்ள வந்துடறன்."

"போ. ஒனக்கு எந்தக் கல்யாணத்துலயும் நிக்கத் தலையில எழுதல" என்றேன். சொல்லிய உடனே வருத்தமாக இருந்தது. ஆனால் அவன் அதற்குள் படி இறங்கிவிட்டான்.

காதர் பாய் கடைக்குச் சரக்கு ஏற்றுகிற வேனை எடுத்தார். முன் சீட்டில் என்னை உட்கார வைத்தார். பின்னால் வெங்காய மூட்டைகள். மயில் கழுத்து நிறப் பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, கையில் பரிசுப் பை, இவ்வளவோடு வெங்காய வாசனையில் நான் இத்தாலியக் கல்யாணத்துக்குப் போய் இறங்கினேன். ஒரே மதில் சுவருக்குள் மூன்று நான்கு சர்ச்சுகள். முதலில் வேறு ஒன்றுக்குள் போய்விட்டேன். அங்கே மலையாளத்தில் ஜெபம் நடந்துகொண்டிருந்தது. ஒரு அம்மாள் எனக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்து உட்கார்த்தியும் விட்டார். கிளம்பி வர ஒரு பாட்டு முடிய வேண்டியிருந்தது.

சரியான சர்ச்சைக் கண்டுபிடித்தபோது பதினொன்று ஐந்து. ஒரு ஆள் இல்லை. விசிறிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. பதினொன்றே காலுக்கு இரண்டு பேர் பூங்கொத்தோடு வந்தார்கள். பதினொன்றரைக்குத்தான் கூட்டம் வந்தது. முத்தங்கள் ஆரம்பித்தன. மாப்பிள்ளை மார்க்கோ கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றான். பதினொன்றே முக்காலுக்குப் பெண் வந்தாள். வெள்ளை கவுன், கையில் பூ, பக்கத்தில் அப்பா இல்லை.

ரெனாத்தோவும் சூளைக்குப் போய்விட்டார். வேலு தனியாக இருக்கிறான் என்று தெரிந்ததும் கோட்டோடு வண்டி ஏறிவிட்டாராம். கார்லா தலையில் கை வைத்துக்கொண்டு ஏதேதோ சொன்னார். மொழி தெரியாவிட்டாலும் தம்பியைத் திட்டுகிற அக்காவை எந்த நாட்டிலும் அடையாளம் தெரிகிறது. என் பக்கமும் ஒரு பார்வை வந்தது. நானும் அதே பார்வையைத் திருப்பி அனுப்பினேன். எங்கள் இரண்டு பேர் தம்பிகளும் ஒரே சூளைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.

ஃபாதர் மலையாளி. கடிகாரத்தைக் காட்டினார். ஒரு மணிக்குப் பிலிப்பைன்ஸ்காரர்களின் பூசை. பன்னிரண்டுக்குள் ஆரம்பித்தால்தான் முடிக்க முடியும் என்றார். கார்லா உடனே வழி சொன்னார். தன் கணவர் பெண்ணை அழைத்து வரட்டும், தன் மகன் சாட்சி போடட்டும். மகன் தயாராகத் தலைவாரிக்கொண்டு நின்றான். எல்லோரும் எலெனாவைப் பார்த்தார்கள்.

அவள் சர்ச் வாசல் படியில், அந்த வெள்ளை கவுனோடு உட்கார்ந்துவிட்டாள். மார்க்கோவும் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் காத்திருக்கிறேன்" என்றாள்.

எனக்கு ஆபீஸ் புத்தி. கிட்டே போய், "சாட்சி யார் வேணும்னாலும் போடலாம்மா. சட்டப்படி போதும்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்தவரை தருகிறேன்.

"அம்மா இறந்த வருஷம் நான் யாரிடமும் பேச மாட்டேன். கண்ணாடி அறையில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிக்கொண்டே இருப்பேன். வேலு மாமா ஒன்றும் கேட்க மாட்டார். தினமும் ஒரு பரோட்டாவைப் பாதியாகக் கிழித்து என் பக்கம் தள்ளுவார். ஆறு மாதம். ஏழாவது மாதம் நான் பேசினேன். அப்பாவுக்குக்கூட அது தெரியாது. வேலு மாமா கண்ணுக்கு முன்னால் நான் கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்."

அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

போன வருஷத்து முகூர்த்தம் நினைவுக்கு வந்தது. ஏழரையிலிருந்து ஒன்பது. ஒரு சமயம், அவன் எப்படியாவது வந்துவிடுவான் என்று மண்டப வாசலைப் பார்த்தேன். வர மாட்டான் என்று தெரிந்தும் பார்த்தேன். "நேரம் போவுது, யாரையாச்சும் நிக்க வைங்க" என்றார் சம்பந்தி. அவர் சொன்னதில் தப்பு இல்லை. எங்களுக்கு நேரம் முக்கியம். யாருக்காகவும் நிற்காது. மூன்று நாளாக இந்த இத்தாலிக்காரர்களின் கடிகாரத்தைத் திட்டிக்கொண்டிருந்த நான், இப்போது யாரும் கடிகாரத்தைப் பார்த்துவிடக் கூடாதே என்று பயந்தேன். அவர்கள் பார்க்கவும் இல்லை. யாரோ கஃபெட்டேரியாவுக்குப் போய் ஏலக்காய் டீயும் சமோசாவும் வாங்கி வந்தார்கள். ஒரு கிழவர் பாட ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் தள்ளிப்போனால் என்ன என்பதுபோல் சர்ச் வாசலிலேயே பந்தி நடந்தது.

ஃபாதருக்குத்தான் பொறுமை போய்விட்டது. பன்னிரண்டரைக்கு வெளியே வந்து, இதுதான் கடைசி, வேறு ஆளைச் சாட்சியாக வைத்து உள்ளே வாருங்கள் என்றார். கார்லாவின் மகன் எழுந்தான்.

அப்போது நான் எழுந்தேன். பதிவேட்டைப் பார்க்கலாமா என்று கேட்டேன். அவர் தயங்கிக் காட்டினார். நான் நினைத்தபடியே, சாட்சியின் பெயர், தகப்பனார் பெயர், பாஸ்போர்ட் எண் எல்லாம் முன்கூட்டியே அச்சடித்து வைத்திருந்தார்கள். என் மேசைக் குரல் தானாக வந்தது. "ஃபாதர், நான் இருபத்தாறு வருஷமா கல்யாணம் பதியறவ. பேர அடிச்சித் திருத்தினா இந்தப் பக்கமே போச்சு. புதுசா அடிக்கணும், புதுச் சாட்சியோட பாஸ்போர்ட் நகல் வாங்கணும், மறுபடி சீல் போடணும். நாளைக்குத் தூதரகத்துல இதப் பாத்து, ஏன் திருத்தினீங்கன்னு கேட்டா பதில் நீங்கதான் சொல்லணும். அதுக்கு ஆவற நேரத்துல எங்க தம்பி ரெண்டு தடவ வந்துட்டுப் போயிடுவான்." பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மலையாளிக்கு அது போதும். அவர் என்னை உற்றுப் பார்த்தார். சட்டம் பேசி இழுத்தடிக்கிற பெண்மணியை அவர் அதற்கு முன்னாலும் சந்தித்திருப்பார். என் மேசைக்கு எதிரே நிற்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வை அது. "அரை மணி" என்றார். பிலிப்பைன்ஸ்காரர்களிடம் அவரே போய்ப் பேசினார். அவர்கள் சிரித்துக்கொண்டே மரத்தடியில் உட்கார்ந்தார்கள், எங்கள் சமோசாவில் பங்கும் கேட்டார்கள்.

ஒரு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது பிக்கப் வந்தது. ரெனாத்தோ கோட்டை மாட்டிக்கொண்டே இறங்கினார். முடியெல்லாம் வெள்ளைத் தூசி. வேலுவின் சூட்டு முட்டி வரைக்கும் மண். வலது கையில் ஈரத் துணி சுற்றியிருந்தது.

"கில்ன் ஓடுதுக்கா" என்றான் என்னிடம்.

"கை என்னடா?"

"ஒண்ணுமில்ல. கம்பி கொஞ்சம் சூடா இருந்துச்சி."

குழாயடியில் அவன் முகத்தைக் கழுவிவிட்டேன். முந்தானையால் துடைத்தேன். ஐந்து வயதில் துடைத்தது போலவே முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றான். வேறு ஒன்றும் சொல்ல நேரமில்லை.

ரெனாத்தோ மகளின் கையைப் பிடித்து நடந்தார். நடக்கும்போதே அழுதார், மறைக்கவும் இல்லை. வேலு மேடைக்குப் பக்கத்தில் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சூளைக்கு முன்னால் நிற்பதுபோல் விறைப்பாக நின்றான். கார்லாவின் முகத்தை நான் பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பார்த்தேன். அவர் தன் கைப்பையிலிருந்து களிம்பு எடுத்து வைத்துக்கொண்டு, கையெழுத்து நேரத்துக்காகக் காத்திருந்தார். முடிந்ததும் முதல் ஆளாகப் போய் அவன் கையைப் பிரித்துத் தடவிவிட்டார்.

கையெழுத்தை அவன் சுட்டுப்போன விரல்களாலேயே போட்டான். ஒவ்வொரு எழுத்தாக. போட்டுவிட்டு, "அக்கா, சரியா இருக்கா பாரு" என்றான். குனிந்து பார்த்தேன். ஆயிரம் சாட்சிக் கையெழுத்துப் பார்த்திருக்கிறேன், ஒன்றையாவது இப்படிப் பார்த்ததில்லை. சரியாக இருக்கிறது என்றேன்.

வெளியே வந்ததும் அரிசியை எடுத்து எறிந்தார்கள். மஞ்சள் இல்லாத அட்சதை. எங்களவர்கள் தூவுவார்கள், இவர்கள் அடிக்கிறார்கள். என் கண்ணிலேயே இரண்டு போனது.

கடற்கரை ஹோட்டலில் சாப்பாடு இரண்டு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நான்கு மணிக்கு முதல் தட்டு வந்தது. சனிக்கிழமையும் நான் கவிச்சி தொடுவதில்லை. இந்தத் தடவை கார்லா முன்கூட்டியே சமையல்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். கத்திரிக்காயை அடுக்கடுக்காகச் சுட்டது ஒன்று வந்தது. மேலே பன்றி இறைச்சித் துண்டு. அது வாசனைக்காகத்தான், மாமிசத்தில் சேராது என்றார்கள். நான் அதை எடுத்து வேலு தட்டில் போட்டேன்.

ஐந்து மணிக்குத் தேன்மொழி வீடியோவில் வந்தாள். வேலு சூட்டோடு தன்னைக் காட்டினான். "சூப்பரா இருக்கீங்க மாமா" என்றாள். எலெனா எட்டிப் பார்த்து, "ஹலோ, உன் மாமாவை ஒரு நாளைக்குக் கடன் வாங்கினேன்" என்றாள். இருவரும் சிரித்தார்கள். பிறகு தேன்மொழி என்னைக் கூப்பிட்டாள். "அம்மா, நீ வேல பாக்கற ஆபீஸ்லயே எங்க சர்ட்டிபிகேட் வாங்க முடியலன்னு இவங்க சிரிக்கறாங்க. அந்தப் பேப்பர் தொலைஞ்சி போச்சா, அதயாவது சொல்லு."

"நாளைக்குப் பேசறன்" என்று வைத்தேன்.

வேலு என்னைப் பார்த்தான். எதையும் இரண்டாவது தடவை கேட்காதவன், அன்றைக்குக் கேட்டான். "என்னாக்கா பேப்பரு?"

சொல்லிவிட்டேன். தேன்மொழி கல்யாணத்தை நான் இன்னும் பதியவில்லை. கெடு தாண்டி வருகிறவர்களை அந்த விரட்டு விரட்டுகிற நான், என் சொந்த மகளின் மனுவை ஒரு வருஷமாக என் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். பெண் கையெழுத்து, மாப்பிள்ளை கையெழுத்து, பெரியப்பா மகன் கையெழுத்து எல்லாம் போட்டாயிற்று. ஒரு சாட்சி இடம் மட்டும் காலி. எதிர் டீக்கடையில் தினமும் பத்துப் பேர் நிற்கிறார்கள். எனக்கு ஒருத்தனைக் கூப்பிட மனசு வரவில்லை.

அவன் கட்டுப்போட்ட கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். எதிரே இருந்த ரெனாத்தோ, அக்கா என்ன சொன்னாள் என்று கேட்டார். வேலு ஹிந்தியில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, மறுபடி சொன்னான். ரெனாத்தோ முழுவதையும் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த மொழிகளில், திங்கட்கிழமை வேலுவின் லீவ் பேப்பரை அவரே எழுதுவதாகச் சொன்னார். வேலு ஊரில் இருக்கும் நாள்களில் சூளையை அவரே பார்த்துக்கொள்வாராம்.

"எப்பக்கா வரட்டும்?" என்றான் வேலு. "நேரம் காலம் எதாச்சும் பாக்கணுமா?"

"ஒண்ணும் பாக்க வேணாம். ஆபீஸ் நேரம் காலைல பத்துல இருந்து" என்றேன். "லேட்டா வந்தாலும் பரவால்ல. நான் ஒக்காந்திருப்பன்."